மூன்றாவது பேக்

சென்டர் ஹாஃப் என்பது அந்தக் காலத்தில் எப்படிப்பட்ட இடம் என்பதை இன்றைக்குப் பந்தாட்டம் பார்க்கிறவர்களுக்குச் சொல்லி விளங்கவைப்பது கஷ்டம். பின்னால் இரண்டு பேக், நடுவில் மூன்று ஹாஃப், முன்னால் ஐந்து பேர். பெங்களூரில் எல்லா டீமும் அப்படித்தான் நிற்கும். மூன்று ஹாஃபில் நடுவில் இருப்பவன் சென்டர் ஹாஃப். பந்து பின்னால் வந்தால் அவன் ஓடிப்போய் வாங்குவான். முன்னால் போனால் அவனும் கூடவே போவான். கல்யாணத்தில் தாய்மாமன் மாதிரி, அவன் கை படாமல் எதுவும் நடக்காது. ஐம்பதுகளின் நடுவில் எங்கள் ஃபாக்டரி டீமுக்கு நான்தான் சென்டர் ஹாஃப்.

ஃபாக்டரியில் நான் ஃபிட்டர். என்னை வேலைக்கு எடுத்ததே என் காலைப் பார்த்துத்தான். பிராக்டிஸ் நாட்களில் மற்றவர்கள் சங்கு ஊதும்வரை மெஷின் அருகில் நிற்க, நாங்கள் முன்னதாகவே கேட்டைத் தாண்டி வெளியே வந்துவிடுவோம். கேட்டில் நிற்கும் காவல்காரர் எனக்கு சல்யூட் அடிப்பார். விளையாட்டுக்குத்தான் அடித்தார், இருந்தாலும் அது சல்யூட்தானே.

எங்கள் வீடு பிரேசர் டவுனில், மார்க்கெட்டுக்குப் பின்புறச் சந்தில். ஒரு முன்னறை, ஒரு உள்ளறை, அடுப்படி. அப்பா, நான், என் மனைவி. அம்மா நான் சின்னப் பையனாக இருந்தபோதே போய்விட்டாள். அப்பா ராணுவ ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடுகிற வேலை செய்து ரிட்டயர் ஆனவர். எங்கள் பூர்வீகம் வட ஆற்காடு. அங்கத்திய வழக்கப்படி நான் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன். நான் ஆடிய மேட்ச் ஒன்றைக்கூட அவர் விட்டதில்லை. நான் வெறுங்காலோடு ஆடுகிறவன். மேட்ச்சுக்குப் போகும் முன் என் கணுக்காலுக்கு அவர்தான் துணி சுற்றிக் கட்டுவார். வார்டில் யாரோ ஒரு சிப்பாய்க்குக் கட்டுவது போல, முகத்தைப் பார்க்காமல் கட்டுவார். ஜெயித்துவிட்டு வந்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டார். கட்டை அவிழ்த்து, துணியைச் சுருட்டி எடுத்து வைப்பார். அவ்வளவுதான். அவர் சுபாவமே அப்படி என்று நான் நம்பியிருந்தேன்.

அந்த வருஷம் ஃபாக்டரிக்கு ஒரு புது ஆபீசர் வந்தார். ரிச்சர்ட்ஸ் டவுன்காரர், பட்டாளத்தில் இருந்தவர், வெளிநாட்டில் மேட்ச் பார்த்தவர். டீமை அவர் பொறுப்பில் விட்டார்கள். முதல் வாரமே எங்களைக் கேன்டீனுக்குக் கூப்பிட்டு, மேஜையில் டீ கிளாஸ்களை வரிசையாக அடுக்கினார். பின்னால் இரண்டு கிளாஸ், அதற்கு முன்னால் மூன்று. பிறகு அந்த மூன்றில் நடு கிளாஸை எடுத்து, பின்வரிசையில் இரண்டு பேக்குக்கும் மத்தியில் வைத்தார்.

"இனிமே ரெண்டு பேக் கிடையாது மேன். மூணு பேக். எதிரியோட சென்டர் ஃபார்வர்டுதான் கோல் போடறான். அவனுக்குன்னு ஒரு ஆளு வேணும். இவன் பேரு ஸ்டாப்பர். மேல போகக்கூடாது, பந்தோட விளையாடக்கூடாது. அவன வுடக்கூடாது, அவ்ளோதான். அவன் கக்கூசுக்குப் போனாலும் நீ பின்னாடியே போய் வெளிய நில்லு."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் என்னைப் பார்த்து, "இது நீ" என்றார். நான் அந்தக் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் டீ கூட இல்லை.

ஆபீசர் சொன்னது தப்பில்லை. பெரிய ஊர் டீம்கள் அப்படி ஆட ஆரம்பித்திருந்தன. ஆனால் என் காலுக்கு அது ஒத்துவரவில்லை. முதல் மேட்ச்சில் பத்து நிமிஷம் பொறுத்தேன். பிறகு பந்து என் காலுக்கு வந்தது, முன்னால் வெட்டவெளியாக இருந்தது, நான் போய்விட்டேன். பழக்கம். திரும்பிப் பார்ப்பதற்குள் நான் விட்டுவந்த இடத்தில் எதிராளி தனியாக நின்று கோல் அடித்தான். அடுத்த பாதியிலும் அதே கதை. மேட்ச் முடிந்ததும் ஆபீசர் திட்டவில்லை. தோளில் தட்டி, "நீ நிக்கற ஆளு இல்ல மேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த மாதம் கோலாரிலிருந்து, தங்கச் சுரங்கத்திலிருந்து ஒரு பையனைக் கொண்டு வந்தார்கள். பையன் என்று சொல்கிறேனே தவிர ஆள் ஆறடி. இரண்டு வருஷம் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்திருக்கிறான். அவன் அப்பா உள்ளே பாறை வெடித்துச் செத்தவர். அம்மா மறுபடியும் அவனைக் கீழே இறங்க விடவில்லை. தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேட்டுக்குக் கீழே இருந்த மைதானத்தில் பந்து பழகியவன். காலில் பூட்ஸ் போட்டு ஆடுவான். பேச்சு குறைவு. டிரையல் ஆட்டத்தில் அவனை மூன்று பேக்கின் நடுவில் நிறுத்தினார்கள். பந்து உயரமாக எங்கிருந்து வந்தாலும் அவன் தலை அங்கே இருந்தது. கீழே வந்தால் அவன் கால் இருந்தது. எடுத்து வெளியே அடித்துவிட்டு, தன் இடத்துக்கு நடந்தே திரும்புவான். ஓடக்கூட மாட்டான். நான் அந்த ஆட்டத்தில் எதிர்ப்பக்கம். ஒரு தடவைகூட அவனைத் தாண்ட முடியவில்லை.

ஆட்டம் முடிந்ததும் ஆபீசர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"உங்க வீட்ல முன்ரூம் ஒண்ணு கீதாமே?"

"கீது சார்."

"குவார்ட்டர்ஸ் கிடைக்கிற வரிக்கும் இவன் அங்க இருக்கட்டும். உங்க ஊரு ஆளுதான். வாடகை ஃபாக்டரி குடுக்கும்."

முடியாது என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. என் இடத்துக்கு வந்தவனை என் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனேன். ஒரு தகரப் பெட்டி, ஒரு ஜோடி பூட்ஸ், அவன் அம்மா கொடுத்தனுப்பிய வேர்க்கடலை உருண்டை. சைக்கிளின் பின்னால் அவனை உட்காரவைத்து நான்தான் மிதித்தேன்.

அப்பா அவனிடம் முதலில் கேட்டது ஊர்தான். அவன் தாத்தா எந்த ஊரிலிருந்து கோலாருக்குப் போனார் என்று சொன்னான். அப்பா எழுந்து நின்றுவிட்டார். எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர். ஒரே ஏரித் தண்ணீர்.

"அட, அந்த ஏரிக்கரை வூட்டு வாரிசா நீ? எங்கப்பனும் உங்க தாத்தனும் ஒண்ணா மாடு மேச்சிருப்பாங்கடா!"

அன்றைக்கு அப்பா பேசியதுபோல் என்னிடம் என் வாழ்நாளில் பேசியதில்லை. சாப்பாட்டின்போது பேசினார், கை கழுவும்போது பேசினார். டிரையலில் அவன் எடுத்த ஒவ்வொரு பந்தையும் திருப்பிச் சொன்னார். அவர் வந்து பார்த்ததே எனக்குத் தெரியாது. "அந்த மூலையிலருந்து வந்துச்சே ஒண்ணு, அத எப்பிடிடா பாத்த நீ? வெய்யிலு கண்ணுல அடிக்குது!" அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "சத்தம் வெச்சிதான் ஐயா. சுரங்கத்துல வெளிச்சம் இருக்காது. காதுதான் முன்னாடி போவும்" என்றான். அப்பா அதை அடுத்த நாள் சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு வாரத்தில் 'ஐயா' போய் 'நைனா' ஆகிவிட்டது. அவன் என்னைக் கேட்டுக்கொண்டு கூப்பிடவில்லை. அப்பாதான் சொல்லியிருக்கிறார். காலையில் நான் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது முன்னறையிலிருந்து "நைனா, காப்பி" என்று குரல் கேட்டது. என் வாயில் இருந்த பற்பொடி கசந்தது. நைனா என்ற சொல்லுக்கு இந்த வீட்டில் நான் ஒருவன்தான் சொந்தக்காரன் என்று அதுவரை நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. ஒன்றை இன்னொருவன் எடுத்த பிறகுதான் அது நம்முடையது என்றே தெரிகிறது.

அப்பா அவன் பூட்ஸுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினார். அடியில் தேய்ந்துபோன தோல் கட்டைகளைப் பிடுங்கிப் புதிது அடித்துக்கொடுத்தார். என் மனைவி அவனுக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். "ஏன், எனக்கு ஊத்தல?" என்றேன் ஒரு நாள்.

"நீங்க போதும்னு கையக் காட்டினீங்க."

"அவனும்தான் காட்டினான்."

"அது கூச்சத்துல காட்டுது. நீங்க கோவத்துல காட்டறீங்க. எனக்கு வித்தியாசம் தெரியாதா?"

அவளுக்கு எல்லாமே தெரிந்திருந்தது. அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

டீமில் என்னை ரைட் ஹாஃபாகப் போட்டுப் பார்த்தார்கள். ஓரத்தில் ஓடுகிறவனைத் துரத்த என்னிடம் வேகம் போதவில்லை. நடுவில் நின்று நாலு பக்கமும் பார்த்து ஆடிய கண்ணுக்கு, ஓரக்கோடு சுவர் மாதிரி இருந்தது. சில மேட்ச்சுகளுக்குப் பிறகு, பலகையில் ஒட்டிய பதினோரு பேரில் நான் இல்லை. அந்தக் காலத்தில் மாற்று ஆள் இறக்குகிற வழக்கம் கிடையாது. பதினோரு பேரில் இல்லையென்றால் இல்லைதான். கால் உடைந்தாலும் அவனே நொண்டிக்கொண்டு நிற்பான், நீ உள்ளே போக முடியாது.

பிராக்டிஸ் நாட்களில் அவன் சீக்கிரம் கிளம்பினான். நான் சங்குவரை மெஷின் அருகில் நின்றேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கேட் தெரியும். காவல்காரர் அவனுக்கு சல்யூட் அடித்தார். அவன் கூச்சப்பட்டு இரண்டு கையாலும் கும்பிட்டான். எனக்கு அப்படிக் கும்பிடத் தோன்றியதே இல்லை.

டீம் ஜெயித்துக்கொண்டே போனது. நான் கோட்டுக்கு வெளியே, அப்பாவுக்குக் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பேன். அவன் பந்தைத் தவறவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். அவன் தவறவிடவில்லை. ஒரு சமயம் பந்து அவனைத் தாண்டிப் போனது. என் நெஞ்சு துள்ளியது. அது கம்பத்தில் பட்டுத் திரும்பி நேராக அவன் காலுக்கே வந்தது. சாமியும் அந்தப் பக்கம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படி இருக்கும்போது எங்கள் வட்டாரத்து கிளப்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள். சின்ன கிளப். கேப்டன் ஒரு பேக்கரிக்காரர். மாவுக் கையோடு வந்து, "ஃபாக்டரில உன்ன ஆட வெக்கலன்னா, எங்களுக்கு ஆடேன் குரு" என்றார். கன்னடக்காரர்களோடு பழகி அவருக்கு எல்லோரும் 'குரு'தான். வெளி டீமுக்கு ஆட ஃபாக்டரி அனுமதி வேண்டும். ஆபீசரிடம் போனேன். ஒரு வார்த்தையாவது 'இரு, யோசிக்கலாம்' என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேனாவைத் திறந்து உடனே கையெழுத்துப் போட்டு, "வெரி குட், போய் ஆடு மேன்" என்றார். நல்ல மனிதர். அவர் நல்லெண்ணத்தோடு செய்தது எதுவும் எனக்கு நல்லதாகத் தெரியவில்லை.

அந்த வருஷத்து ஷீல்டு போட்டியில் எங்கள் சின்ன கிளப் எப்படியோ செமி ஃபைனல்வரை வந்துவிட்டது. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எதிர் டீம், ஃபாக்டரி.

கேட்டதுமே எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்தக் கேன்டீன் மேஜையும் டீ கிளாஸ்களும் என் கண்முன் நின்றன. ஸ்டாப்பர் சென்டர் ஃபார்வர்டை விடக்கூடாது. அவன் எங்கே போனாலும் பின்னாலேயே போக வேண்டும். அப்படியானால் சென்டர் ஃபார்வர்டு முன்னால் நிற்காமல் பின்னால் வந்துவிட்டால்? ஸ்டாப்பரும் வந்துதானே ஆக வேண்டும்? அவன் வந்தால் பின்னால் நடு இடம் காலி. பேக்கரிக்காரரிடம், "என்னை சென்டர் ஃபார்வர்டா போடுங்க. ஆனா நான் முன்னாடி நிக்க மாட்டேன். என் பழைய எடத்துலதான் நிப்பேன். அவன் என்கூட வருவான். நம்ம சின்னப் பசங்க ரெண்டு பேரும் அந்த ஓட்டையில ஓடட்டும்" என்றேன். அவர் மாவு பிசைகிற கையை நிறுத்தி யோசித்தார். "அவன் உங்க வூட்லதான இருக்கான்?" என்றார். "ஆமா, அதனாலதான் தெரியும். சொன்னா சொன்ன மாதிரி செய்யற ஆளு" என்றேன்.

செமி ஃபைனல் அன்று காலை எங்கள் வீட்டில் உப்புமா. எனக்கும் அவனுக்கும் ஒரே அளவு. என் மனைவி அப்பாவையும் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "யார் ஜெயிச்சாலும் சரி, ரெண்டு பேரு டிராயரயும் நான்தான் தொவைக்கணும்" என்றாள். அவன்தான் முதலில் சிரித்தான்.

அப்பா மத்தியானம் துணிச் சுருளை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். பல மாதங்களுக்குப் பிறகு என் காலைத் தன் முழங்கால் மேல் தூக்கி வைத்தார். சுற்றினார். முடிச்சுப் போட்டார். "மழ பேஞ்சிருக்குது. கிரவுண்டு வழுக்கும்" என்றார். அவ்வளவுதான். பிறகு அவன் பூட்ஸை எடுத்துத் துடைக்கப் போனார். என் காலுக்கு எடுத்துக்கொண்ட நேரத்தைவிட அதற்கு அதிகம் எடுத்துக்கொண்டார் என்று எனக்குப் பட்டது.

வீட்டில் ஒரு சைக்கிள். நான் பஸ்ஸில் போகிறேன் என்றேன். அவன் விடவில்லை.

"நீங்க பின்னாடி குந்துங்கண்ணே. நான் மிதிக்கறேன். மேட்ச்சுக்கு முன்னாடி வெறுங்கால் வீணாவக் கூடாது."

அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே போனேன். சட்டைக்குள் அந்தத் தோள்கள் ஒரே சீராக ஏறி இறங்கின. சிரமமே இல்லை. இந்த முதுகு இன்றைக்கு என் பின்னால் ஓடப்போகிறது என்று நினைத்ததும் எனக்கு உற்சாகமாக இருந்தது. அவனுக்குத் துரோகம் என்று ஒன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. ஆட்டம் அதற்குத்தான் இருக்கிறது.

மைதானத்தைச் சுற்றி நாலு பக்கமும் ஜனம். விசில் ஊதினதும் நான் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இறங்கி நின்றுகொண்டேன். அவன் ஒரு கணம் தயங்கினான். ஆபீசரைப் பார்த்தான். பிறகு, சொன்னபடியே, என் பின்னால் வந்து நின்றான். மூச்சுச் சத்தம் கேட்கிற தூரம்.

எனக்கு என் பழைய இடம் திரும்பக் கிடைத்தது. நாலு பக்கமும் கண் தெரிந்தது. பந்து வந்தது. அவன் என்னைத் தொடுவதற்கு முன் ஒரே தட்டாக, அவன் விட்டுவந்த வெளியில் உருட்டினேன். எங்கள் சின்னப் பையன் ஒருவன் அதில் பாய்ந்தான். இரண்டு பேக்கும் இரண்டு பக்கம் அகலமாக நின்றிருந்தார்கள். நடுவில் யாரும் இல்லை. கோல்.

கூட்டம் கத்தியது. நான் அவனைத்தான் பார்த்தேன். அவன் தலையைச் சாய்த்து, கோலுக்கும் எனக்கும் நடுவே இருந்த தூரத்தை அளப்பது போலப் பார்த்தான். மறுபடியும் என் பின்னால் வந்து நின்றான். இடைவேளைக்குச் சற்று முன் அதே மாதிரி இன்னொன்று. இந்த முறை அவன் பாதியில் திரும்பி ஓடிப் பந்தைத் தடுக்கப் பார்த்தான். பந்து எங்கள் பையன் காலில் பட்டு எனக்கே திரும்பியது. ஆள் இல்லை, அவசரம் இல்லை. நானே அடித்தேன். என் காலுக்கு அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு நாள் வாய்க்கவில்லை.

இரண்டுக்குச் சைபர். இடைவேளையில் பேக்கரிக்காரர் என்னைக் கட்டிப்பிடித்து எலுமிச்சம்பழத் துண்டை வாயில் திணித்தார். நான் எதிர்ப்பக்கம் பார்த்தேன். அவன் ஆபீசரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். பேசாத ஆள், கையை நீட்டிக் காட்டிப் பேசினான். ஆபீசர் கேட்டுக்கொண்டே தலையை ஆட்டினார்.

திரும்பி வந்தபோது அவன் என் பின்னால் வரவில்லை. நான் நடுக்கோட்டுக்கு இறங்கினேன். அவன் தன் இடத்திலேயே, இரண்டு பேக்குக்கும் நடுவே, அப்படியே நின்றான். என்னிடம் அவர்களுடைய லெஃப்ட் ஹாஃப் வந்தான். சின்ன ஆள், ஆனால் ஈ மாதிரி ஒட்டிக்கொண்டான். நான் பந்தை அதே வெளியில் உருட்டினேன். அங்கே வெளி இல்லை. அவன் இருந்தான். எடுத்து, நிதானமாக, ஓரத்தில் ஓடும் தன் விங்கருக்கு நீளமாக அடித்தான். அங்கிருந்து அவர்களுக்கு முதல் கோல். பிறகு நான் முன்னால் போய் நின்று பார்த்தேன், அங்கும் அவன்தான். உயரமான பந்து எல்லாம் அவனுக்கு. கடைசியில் மூன்றுக்கு இரண்டு என்று ஃபாக்டரி ஜெயித்தது.

எனக்கு வெகு நாள் யோசித்துக் கிடைத்த வழியை அவன் ஒரு எலுமிச்சம்பழத் துண்டு தின்கிற நேரத்தில் அடைத்துவிட்டான். தோற்றதைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவன் உயரத்தின் மேல், பூட்ஸின் மேல், அப்பா அவன் மேல் வைத்த பிரியத்தின் மேல்தான் அதுவரை எனக்குப் பொறாமை. அன்றிலிருந்து அவன் மண்டையின் மேலும் வந்துவிட்டது.

விசில் ஊதியதும் நேராக என்னிடம் வந்தான். "பயமுறுத்திட்டீங்கண்ணே" என்றான். நான் கை கொடுத்தேன். கொடுக்காமல் இருக்க முடியாது, எல்லோரும் பார்க்கிறார்கள்.

வீட்டுக்கு நான் தனியாக நடந்து வந்தேன். அப்பாவை அவன் சைக்கிளில் வைத்து முன்னமே கூட்டி வந்துவிட்டான். பின்கட்டில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். பொழுது சாய்கிற நேரம். முன்னறையில் அப்பா குரல் கேட்டது. மெதுவாகத்தான் பேசினார், சுவர்தான் மெல்லிசு.

"மொத கோலுக்கு ஒரு பந்து வுட்டான் பாரு. ஊசில நூலு கோக்கற மாதிரி. நானும் ஆஸ்பத்திரி டீமு, பட்டாளத்து டீமு, வெள்ளக்காரன் டீமு எல்லாம் பாத்திருக்கறேன். அப்பிடி ஒரு பந்து பாத்ததே இல்லடா. எம் பையன் ஆடறான்னு பக்கத்துல நின்னவன் கையப் புடிச்சிக்கினேன்."

"அவர்கிட்ட சொல்லுங்க நைனா."

"அதெல்லாம் எதுக்கு? அவனுக்குத் தெரியும்."

செம்பு கையில் இருந்தபடியே நின்றேன். எனக்குத் தெரியாது. என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. இருபத்தேழு வயதுவரை நான் காத்திருந்த வார்த்தை வந்தேவிட்டது. ஆனால் வந்தது அவன் காதுக்கு. என்னைப் பற்றிய புகழ்ச்சியையும் அவன்தான் கேட்டான். சந்தோஷப்பட வேண்டிய நேரம் அது என்று எனக்குத் தெரிந்தது. ஈரக் காலோடு நின்று நான் பொறாமைப்பட்டேன். உள்ளே போனபோது அப்பா கட்டை அவிழ்க்கக் கையை நீட்டினார். நானே அவிழ்த்துவிட்டேன் என்றேன்.

இரண்டு வாரம் கழித்து ஆபீசர் கூப்பிட்டனுப்பினார். மறுபடியும் டீ கிளாஸ்கள். பின்னால் மூன்று; அதற்கு முன்னால் இரண்டு. அந்த இரண்டில் ஒன்றைத் தொட்டு, "இது நீ. உனக்குப் பின்னாடி அவன். நீ மேல போ, எவ்ளோ தூரம் வேணாலும் போ. நீ வுட்டுட்டுப் போற எடத்த அவன் பாத்துக்குவான். இத அவன்தான் சொன்னான் எனக்கு" என்றார்.

அந்த சீசன் நாங்கள் சேர்ந்து ஆடினோம். அப்படி ஒரு சீசன் ஃபாக்டரிக்கு வாய்த்ததில்லை என்று இன்றும் பழைய ஆட்கள் சொல்வார்கள். எனக்கு முன்னால் வழி திறந்திருந்தது. பின்னால் திரும்பிப் பார்க்கவே வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தைரியம் அவன் கொடுத்தது என்பது ஒவ்வொரு அடியிலும் உறுத்தும். நான் நல்ல பந்து கொடுத்தால் கூட்டம் கைதட்டும். அவன் ஒன்றும் செய்யாமல் நின்றால், ஆட்டம் தெரிந்தவர்கள் கைதட்டுவார்கள். எனக்கு வேண்டியிருந்தது அந்தத் தெரிந்தவர்களின் கைதட்டல்தான்.

மாநில டீமுக்கு ஆள் பொறுக்கியபோது அவனைப் பொறுக்கினார்கள். என்னைப் பார்த்தார்கள், வயதைக் கேட்டார்கள், போய்விட்டார்கள். அடுத்த வருஷம் சென்னையில் ஒரு பெரிய டீம் வேலையும் கொடுத்து அவனைக் கூப்பிட்டுக்கொண்டது. ஸ்டேஷனில் அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வண்டி நகர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் நடந்தார். முன்னறை காலியானது. அப்பா மறுபடியும் பேசாத மனிதர் ஆனார். அவன் போனால் என் அப்பா எனக்குத் திரும்பி வருவார் என்று எண்ணியிருந்தேன். யாருக்கும் வரவில்லை. அவனைப் பற்றி நாங்கள் இருவரும் பேச ஆரம்பித்த பிறகுதான் வீட்டில் மீண்டும் பேச்சு வந்தது. பேப்பரில் மேட்ச் செய்தி வந்தால் நான் படிப்பேன், அவர் கேட்பார். அவன் பெயர் வருகிற வரியை நான் கொஞ்சம் வேகமாகப் படிப்பேன். அவர் மறுபடியும் படிக்கச் சொல்வார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அவன் டீம் பெங்களூருக்கு ஆட வந்தது. அப்பா அப்போது உயிரோடு இல்லை. என் கால் முட்டி போய், ஆட்டத்தை நிறுத்தி ஒரு வருஷம் ஆகியிருந்தது. என் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். டீம் இறங்கியபோது தேடினேன். அவன் இல்லை. பின்னால் மூன்று பேருக்குப் பதில் நான்கு பேர் நின்றார்கள். ஆட்டம் மறுபடியும் மாறியிருந்தது. அந்த நான்கில் நடுவே இரண்டு சின்னப் பையன்கள், குதிரை மாதிரி ஓடுகிறவர்கள். மாற்றி மாற்றி ஒருவன் முன்னால் வர, ஒருவன் பின்னால் நின்றான்.

"அண்ணே."

பக்கத்தில் அவன்தான். சாதாரணச் சட்டை, செருப்பு. கொஞ்சம் பருத்திருந்தான். நகர்ந்து இடம் கொடுத்தேன். அவன் என் பெண்ணை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

"உன்ன ஏன் ஆட வெக்கல?" என்றேன். கேட்கும்போதே என் குரலில் ஒரு ஆவல் இருந்தது, எனக்கே கேட்டது.

"நாலு பேக் ஆட்டம்ணே இப்ப. நான் நிக்கற ஆளு. இதுக்கு ஓடற ஆளு வேணும்."

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன். எனக்குத் தெரிந்த அந்த ஒன்றை அங்கே தேடினேன். உதட்டோரத்தில், கண்ணில், தாடையில். எனக்கு அது எங்கெங்கே வந்து உட்காரும் என்று தெரியும். மைதானத்தில் பந்து உயரமாக வந்தது. நடுவில் நின்ற பையன்களில் ஒருவன் பின்னால் ஓடிக்கொண்டே எம்பித் தலையால் எடுத்தான். இவன் என் தொடையில் தட்டிவிட்டு எழுந்தேவிட்டான், மடியிலிருந்த குழந்தையோடு.

"பாத்தீங்களாண்ணே! பாத்தீங்களா அத! என்னால அது ஆவாதுண்ணே, சத்தியமா ஆவாது. பின்னாடி ஓடிக்கினே எடுக்கறான் பாருங்க!"

என் பெண் கைகொட்டிச் சிரித்தாள். எதற்கென்று அவளுக்குத் தெரியாது. அவன் ஆட்டம் முடியும்வரை அந்தப் பையன்களைப் பற்றியே பேசினான். யார் எப்போது போகிறான், யார் எப்போது நிற்கிறான், அவர்களுக்குத் தான் என்னவெல்லாம் சொல்லிக் கொடுத்தான், அவர்கள் தனக்கு என்னவெல்லாம் காட்டினார்கள் என்று. எல்லாம் சரியாகத்தான் சொன்னான். நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடம் பறிபோன பிறகும் ஒரு மனிதனால் இப்படி எழுந்து நின்று கத்த முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஆடியபோதெல்லாம் எனக்கு வந்த பொறாமை இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அன்றைக்கு, அவன் ஆடாமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு அவன் மேல் ரொம்பப் பொறாமையாக இருந்தது.